ஸ்பிங்க்ஸ் போட்ட விடுகதை: செராமைடின் கதை

மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும் முகக் களிம்புக் குப்பிகளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பலவற்றின் பின்பக்கம் "செராமைடு உள்ளது" என்று பெருமையாகப் போட்டிருக்கும். விளம்பரத்தில் வரும் பெண் கன்னத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். ஏதோ பூவிலிருந்தோ பழத்திலிருந்தோ வந்த சமாசாரம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இதன் கதை பூவில் தொடங்கவில்லை. லண்டனில், சூடான ஆல்கஹாலில் போட்டு வைத்த மாட்டு மூளையில் தொடங்குகிறது. கூடவே மனித மூளையும் உண்டு. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வரவும்.)

முதலில் செராமைடு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வேதியியல் என்றாலே பன்னிரண்டாம் வகுப்போடு கும்பிடு போட்டவர்களுக்கும் புரியும்படி சொல்லலாம். கொழுப்பு என்றால் நமக்குத் தெரிந்தது எண்ணெயும் நெய்யும். அவற்றின் முதுகெலும்பு கிளிசரால். அதில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும். செராமைடு வேறு குடும்பம். இங்கே முதுகெலும்பு கிளிசரால் அல்ல, ஸ்பிங்கோசின் என்ற பதினெட்டு கார்பன் நீளச் சங்கிலி. அதன் ஒரு முனையில் நைட்ரஜன் இருக்கிறது. அந்த நைட்ரஜனில் ஒரு கொழுப்பு அமிலத்தை மாட்டினால் செராமைடு தயார்.

இனிமேல்தான் வேடிக்கை. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் எல்லாம் வருகிற மாதிரி, செராமைடை வைத்து உடம்பு பல பண்டங்கள் செய்கிறது. அதன் தலையில் பாஸ்பரஸும் கோலினும் சேர்ந்தால் ஸ்பிங்கோமயலின். ஒரு சர்க்கரை சேர்ந்தால் செரிப்ரோசைடு. பல சர்க்கரைகளோடு சியாலிக் அமிலமும் சேர்ந்தால் கேங்லியோசைடு. நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை, செல்லின் சவ்வு, தோலின் மேல் அடுக்கு என்று எங்கும் இந்தக் குடும்பம்தான்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் ஒரு மனிதரின் நற்பெயரும் பலியாயிற்று.

மூளையில் பாஸ்பரஸ் இருக்கிறது என்று 1719-லேயே ஜெர்மனியின் கீஸன் நகரில் ஹென்சிங் என்ற பேராசிரியர் எழுதிவிட்டார். 1811-ல் பிரான்சின் வோக்லான், அந்தப் பாஸ்பரஸ் மூளையின் கொழுப்போடு சேர்ந்தே இருக்கிறது என்றார். அதன்பின் பாஸ்பரஸ் மீது ஐரோப்பாவுக்கு ஒரு மயக்கமே வந்துவிட்டது. பாஸ்பரஸ் இல்லாவிட்டால் சிந்தனையே இல்லை என்று எழுதுமளவுக்குப் போனார் மோலஷாட். மீன் சாப்பிட்டால் மூளை வளரும் என்று வீட்டில் சொல்வார்களே, ஏறக்குறைய அந்த ரகம்.

1865-ல் ஆஸ்கர் லீப்ரைஷ் என்ற ஜெர்மானியர் மூளையிலிருந்து வெள்ளையான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். வெதுவெதுப்பான ஆல்கஹாலில் கரைத்து, குளிரவிட்டால் படிகமாக வந்து நின்றது. மறுபடி கரைத்தாலும் மறுபடி அப்படியே வந்தது. இதுதான் மூளையின் அடிப்படைப் பொருள், மற்றவை எல்லாம் இது சிதைந்து வருபவை என்று முடிவுகட்டி, 'புரோட்டகான்' என்று பெயரும் வைத்தார். முதலாவது, தலையாயது என்ற பொருள் தொனிக்கும் கிரேக்கப் பெயர். (இவரேதான் நான்கு ஆண்டுகள் கழித்து குளோரல் ஹைட்ரேட்டைத் தூக்க மருந்தாக அறிமுகப்படுத்தியவர். ஆள் சாதாரணப்பட்டவர் அல்ல.) ஒரே மூலக்கூறில் மூளை மொத்தமும் அடக்கம்! எளிமையான, அழகான கருத்து. எளிமையாகவும் அழகாகவும் இருந்ததுதான் அதன் ஆபத்து.

இங்கேதான் கதாநாயகர் வருகிறார். யோகான் லுட்விக் வில்ஹெல்ம் தூடிக்கும். தமிழில் கொஞ்சம் குறிலாக உச்சரித்தால் 'துடிக்கும்' என்று வந்துவிடுகிறது. மனிதரும் அப்படித்தான், துடிப்பானவர். 1829-ல் ஜெர்மனியின் பூடிங்கன் என்ற சிற்றூரில் பிறந்தவர். கீஸன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். ஆம், ஹென்சிங் இருந்த அதே ஊர். அப்போது அங்கே வேதியியலின் சக்கரவர்த்தி யூஸ்டஸ் ஃபான் லீபிக்கின் ஆய்வகம் இருந்தது. உடம்பை வேதியியலாகப் பார்க்கும் பழக்கம் தூடிக்குமுக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. 1851-ல் பட்டம். 1853-ல் லண்டன். 1859-ல் பிரிட்டிஷ் குடியுரிமை.

அவருக்குத் தெரியாத விஷயமே இல்லையோ என்று தோன்றும். சிறுநீர் பற்றி ஒரு புத்தகம், பித்தக்கல் பற்றி ஒன்று. திராட்சை மது பற்றி ஒரு நண்பரோடு சேர்ந்து தடிமனான ஒரு நூல். வயதான காலத்தில் சமையல் பற்றி வேறு! மூக்கு, தொண்டை வைத்தியத்திலும் கைதேர்ந்தவர். ரத்தத்தின் சிவப்புப் பொருளிலிருந்து ஹெமட்டோபார்ஃபிரின் என்பதைப் பிரித்து, அது ஒளிர்வதையும் பதிவு செய்தார். முட்டை மஞ்சள் கருவிலும் செடிகளிலும் உள்ள மஞ்சள் நிறமிகளுக்கு 'லூட்டின்' என்று பெயர் வைத்தார். இன்று கண்ணுக்கு நல்லது என்று மாத்திரையாக விற்கிறார்களே, அந்தப் பெயர் அவருடையது.

ஆனால் அவர் உயிரைக் கொடுத்தது மூளைக்கு. பிரிட்டிஷ் அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஜான் சைமன் அதற்குப் பின்புலம். காலரா, டைஃபஸ் போன்ற நோய்கள் லண்டனைப் புரட்டிப் போட்ட காலம் அது. டைஃபஸ் காய்ச்சலில் நோயாளி பிதற்றுகிறான், புத்தி தடுமாறுகிறது. அப்படியானால் மூளையின் வேதியியலில் ஏதோ மாறுகிறது. என்ன மாறுகிறது என்று தெரிய வேண்டுமானால், நல்ல மூளையில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கணக்குப் பிள்ளை மொழியில் சொன்னால், தொடக்க இருப்பு தெரியாமல் லாப நஷ்டம் போட முடியாது. இந்தச் சின்ன உண்மையைப் புரிந்துகொண்டு அரசுப் பணத்தை அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய சைமனுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். 1860-களில் நோய் தீர்க்கும் மருந்து எங்கே என்று கேட்காமல், முதலில் கணக்கெடு என்று சொன்ன அதிகாரி அவர்.

தூடிக்கும் கணக்கெடுத்தார். எப்படி? ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூளைகள் அவர் மேஜைக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். சவ்வையும் ரத்தத்தையும் நீக்கி, மூளையை மசித்து, சூடான ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, வீழ்படிவை ஈதரில் அலசி, ஈய உப்பால் ஒரு பகுதியைப் பிரித்து, காட்மியம் குளோரைடால் இன்னொன்றைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் கார்பன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று எடைபோட்டு... இன்று இயந்திரத்தில் ஒரு துளி விட்டால் அரை மணி நேரத்தில் அச்சிட்டுத் தந்துவிடும் சங்கதிக்கு அவர் மாதக்கணக்கில் வடிகட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எண்களை ஒப்பிட்ட விதம்தான் முக்கியம். முட்டை மஞ்சள் கருவிலிருந்து பிரான்சின் கோப்லே பிரித்த லெசித்தினில் ஒரு பாஸ்பரஸுக்கு ஒரு நைட்ரஜன். தூடிக்குமிடம் இருந்த ஒரு மூளைப் பொருளிலோ ஒரு பாஸ்பரஸுக்கு இரண்டு நைட்ரஜன். உடைத்துப் பார்த்தால் கிளிசராலே கிடைக்கவில்லை! கொழுப்பு என்றால் கிளிசரால் இருந்தே தீரும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் கிளிசரால் இல்லாத ஒரு கொழுப்பு. அதற்கு ஸ்பிங்கோமயலின் என்று பெயர் வைத்தார். பாஸ்பரஸே இல்லாமல் சர்க்கரையோடு இருந்த இன்னொரு வகைக்கு செரிப்ரோசைடு. இரண்டையும் அமிலத்தில் உடைத்தபோது இரண்டிலிருந்தும் ஒரே விசித்திரமான காரப்பொருள் வந்தது. எந்தக் குடும்பத்திலும் சேராத பொருள். அதற்குத்தான் ஸ்பிங்கோசின் என்று பெயரிட்டார்.

ஏன் அந்தப் பெயர்? கிரேக்கக் கதையில் ஸ்பிங்க்ஸ் என்று ஒரு ஜந்து. பெண் தலை, சிங்க உடல், சிறகுகள். தீப்ஸ் நகருக்குப் போகிறவர்களை வழிமறித்து விடுகதை போடும், விடை தெரியாவிட்டால் ஆளை விழுங்கிவிடும். நம் விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கேள்வி கேட்ட வேதாளத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பொருள் போட்ட புதிர்களின் நினைவாகவே ஸ்பிங்க்ஸின் பெயரை வைத்ததாக தூடிக்கும் தன் புத்தகத்தில் குறித்திருக்கிறார். அந்தப் புத்தகம் 1884-ல் லண்டனில் வந்தது, மூளையின் வேதியியல் கட்டமைப்பு பற்றியது.

இந்தக் கணக்குப்படி புரோட்டகான் என்று ஒன்று கிடையவே கிடையாது. அது கலவை. ஸ்பிங்கோமயலினும் செரிப்ரோசைடும் மற்ற சிலவும் ஒரே மாதிரி கரைந்து ஒரே மாதிரி வெளியே வருவதால் ஒரே பொருள் போலத் தெரிந்த கலவை. சாம்பாரை எத்தனை முறை காய்ச்சினாலும் சாம்பாராகவே இருக்கும், அதனால் சாம்பார் என்பது ஒரு தனிமம் ஆகிவிடாது.

ஜெர்மனியின் ஹோப்பே-ஸைலரும் அவரது மாணவரும் புரோட்டகான் கலவைதான் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆனால் 1879-ல் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஆர்தர் கேம்ஜி, பிளாங்கன்ஹார்ன் என்பவரோடு சேர்ந்து புரோட்டகானுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1880-ல் வந்த தன் பாடப்புத்தகத்தில் தூடிக்குமைக் கடுமையாகவே சாடினார். பாடப்புத்தகத்தில் ஏறிய கருத்துக்கு எவ்வளவு ஆயுள் என்பது மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை! அடுத்த தலைமுறை அதைத்தான் படித்தது. புரோட்டகான் விஷயத்தில் தூடிக்கும் பக்கம் நின்றிருக்க வேண்டிய ஹோப்பே-ஸைலரும் அவரை விட்டுவைக்கவில்லை.

தூடிக்கும் மீதும் தப்பு இல்லாமல் இல்லை. வாய் சும்மா இருக்காது. எதிராளியை அச்சிலேயே கிழிப்பார். கண்டுபிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் புதுப்பெயர் சூட்டும் பழக்கம் வேறு. செரிப்ரோசைடில் இருந்த சர்க்கரையைப் புதிய சர்க்கரை என்று நினைத்து 'செரிப்ரோஸ்' என்றார். அது பாலில் இருக்கும் பழைய காலக்டோஸ்தான் என்று 1890 வாக்கில் மற்றவர்கள் காட்டிவிட்டார்கள். இத்தனை பெயர் சொல்கிறாரே, இதில் எத்தனை நிஜம் என்று சந்தேகிக்க எதிரிகளுக்கு இது போதாதா?

1876-ல் ஜான் சைமன் பதவியை விட்டு விலகினார். புரவலர் போனார். தூடிக்கும் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்ததை வைத்து வீட்டிலேயே ஆய்வகம் நடத்தினார். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவரை இருத்திக்கொள்ளவில்லை. வாதத்தைத் தொடர்ந்து நடத்த மாணவர் பரம்பரை இல்லை. புத்தகத்தைத் திருத்தி ஜெர்மனில் 1901-ல் வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். அப்போதும் புரோட்டகான் உயிரோடு இருந்தது.

அதைக் கொன்றவர்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆட்டோ ரோசன்ஹைமும் கிறிஸ்டின் டெப்பும். 1907 தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார்கள். படிகமாக்கும் முறையை மாற்றினால் புரோட்டகானில் பாஸ்பரஸ் அளவும் மாறுகிறது. ஒரே பொருளாக இருந்தால் அப்படி மாறாது. கதை முடிந்தது. ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் இல்லாத ஒரு பொருளைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள், நல்ல ஆய்வகங்களில், நல்ல தராசுகளை வைத்துக்கொண்டு! ரோசன்ஹைமும் டெப்பும் பின்பு கணவன் மனைவி ஆனார்கள் என்பது கூடுதல் தகவல்.

1947-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் கார்ட்டர் ஸ்பிங்கோசினின் அமைப்பை முழுசாக நிறுவினார். இந்தக் குடும்பம் முழுவதையும் ஸ்பிங்கோலிப்பிடு என்று அழைக்கலாம் என்றவரும் அவரே. விடுகதை போட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து முதல் வரிக்கு விடை.

இதற்கிடையில் இந்தக் கொழுப்புகள் ஆய்வகத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டன. 1882-ல் பாரிசில் ஃபிலிப் கோஷே என்ற மருத்துவ மாணவர் தன் பட்ட ஆய்வேட்டில் 32 வயதுப் பெண் ஒருவரின் வீங்கிப் பெருத்த மண்ணீரலைப் பற்றி எழுதினார். புற்றுக்கட்டி என்றே அவர் நினைத்தார். அது கட்டி அல்ல. சர்க்கரை ஒட்டிய செராமைடு, அதாவது குளுக்கோசெரிப்ரோசைடு, உடைபடாமல் செல்களுக்குள் சேர்ந்துபோன குப்பை. இது தெரிய 1934 ஆயிற்று. அதே ஆண்டு ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் கிளெங்க், நீமன்–பிக் நோய்க் குழந்தைகளின் உடலில் தேங்குவது ஸ்பிங்கோமயலின் என்று காட்டினார். சில ஆண்டுகளில் டே–சாக்ஸ் நோயில் மூளையில் தேங்கும் புதிய கொழுப்பையும் கண்டு, அதற்கு கேங்லியோசைடு என்று பெயர் வைத்தார்.

டே–சாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். குழந்தை பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. சிரிக்கும், கவிழ்ந்து படுக்கும். ஆறு மாதம் வாக்கில் கற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போகும். உட்கார முடியாது, பார்வை போகும், வலிப்பு வரும். பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டாது. கண்ணின் பின்புறம் சிவப்பாக ஒரு புள்ளி தெரிவதை 1881-ல் லண்டன் கண் மருத்துவர் வாரன் டே பார்த்தார். நியூயார்க்கில் பெர்னார்டு சாக்ஸ் 1887-ல் மூளையைப் பார்த்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களில் இது அதிகம். ஒரு நொதியின் குறை என்று 1969-ல்தான் தெளிவாயிற்று. தெரிந்த இரண்டே ஆண்டில், 1971-ல், பால்டிமோர்–வாஷிங்டன் பகுதி யூத சமூகத்தாரிடம் போய் மைக்கேல் கபாக் ரத்தப் பரிசோதனை இயக்கம் தொடங்கினார். கணவன் மனைவி இருவரும் அந்தக் குறையை மறைவாகச் சுமக்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். சமூகமே முன்வந்து வரிசையில் நின்றது. அமெரிக்க, கனடா யூதர்களிடையே இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் குறைந்தார்கள். நோய்க்கு மருந்து வந்ததால் அல்ல, எந்தக் கொழுப்பு, எந்த நொதி என்று தெரிந்ததால்.

கோஷே நோய்க்கு மருந்தே வந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ராஸ்கோ பிரேடி ஒரு எளிய கேள்வி கேட்டார். இந்தக் கொழுப்பு சேர்வது உடம்பு அதிகம் செய்வதாலா, உடைக்கத் தெரியாததாலா? கதிரியக்கக் கார்பன் பொதிந்த கொழுப்பைத் தயாரித்து, நோயாளிகளின் மண்ணீரல் துணுக்கோடு சேர்த்துப் பார்த்தார். உடைக்கும் நொதி அங்கே மிகக் குறைவு என்று 1960-களின் நடுவில் விடை கிடைத்தது. சரி, இல்லாததை வெளியிலிருந்து கொடுத்தால்? அந்த நொதியை எங்கிருந்து எடுப்பது? பிரசவம் முடிந்து வீசப்படும் நஞ்சுக்கொடியிலிருந்து! முதல் முயற்சிகள் நம்பிக்கை கொடுத்தும் பின்பு சறுக்கின. நொதி போக வேண்டிய செல்லுக்குப் போகாமல் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. அதன் சர்க்கரைச் சங்கிலியைச் செதுக்கி மேனோஸ் சர்க்கரை வெளியே தெரியும்படி செய்ததும், குப்பை சேர்ந்திருந்த செல்களே அதைப் பிடித்து இழுத்துக்கொண்டன. முகவரி சரியாக எழுதியதும் தபால் போய்ச் சேர்ந்தது. 1991-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1994-ல் நஞ்சுக்கொடி தேவையில்லாமல் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த வடிவம் வந்தது.

வணிகவியல் மாணவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். ஒரு நோயாளிக்கு ஓர் ஆண்டு மருந்து தயாரிக்க ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் வேண்டும். நோயாளிகளோ உலகம் முழுதும் சேர்த்தும் கொஞ்சம் பேர். சாதாரணக் கணக்கில் எந்தக் கம்பெனியும் இதைத் தொடாது. அமெரிக்காவின் 1983-ம் ஆண்டு அரிய நோய் மருந்துச் சட்டம் ஏழாண்டு தனியுரிமை கொடுத்ததால்தான் ஜென்சைம் துணிந்தது. துணிந்ததற்கான விலையையும் வைத்தது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல், அதுவும் ஆயுள் முழுக்க. இந்தியாவில் 2021-ல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. 2022-ல் உதவித்தொகையை ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்கள். பெரிய தொகைதான். ஆனால் ஆயுள் முழுவதும் வேண்டிய மருந்துக்கு ஒருமுறை கொடுக்கும் தொகை எத்தனை ஆண்டு தாங்கும் என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது.

இப்போது முகக் களிம்புக்கு வருவோம். மூளையில் இருந்தது தோலுக்கு எப்படி வந்தது?

1929-ல் மினசோட்டாவில் ஜார்ஜ் பர்ரும் அவர் மனைவி மில்ட்ரெட் பர்ரும் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்தார்கள். எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது. தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடித்தன, ஆனால் சிறுநீர் அதற்கேற்பப் போகவில்லை. குடித்த தண்ணீர் எங்கே போயிற்று? தோல் வழியாக ஆவியாகிக்கொண்டிருந்தது. லினோலியிக் அமிலம் கொடுத்ததும் சரியாயிற்று. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1980-களின் தொடக்கத்தில் அயோவாவின் வெர்ட்ஸும் டவுனிங்கும் தோலில் இருக்கும் ஒரு மிக நீளமான செராமைடின் வால் நுனியில் லினோலியிக் அமிலம் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள்.

தோலின் மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவராகப் பார்க்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் பீட்டர் எலியாஸ். செத்த செல்கள் செங்கல், இடையில் உள்ள கொழுப்பு சாந்து. சாந்தில் எடைக் கணக்கில் பாதிக்குப் பக்கம் செராமைடு, மீதி பெரும்பாலும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். சாந்து சரியில்லாத சுவரில் ஈரம் நிற்காது. கரப்பான் போன்ற ஒவ்வாமைத் தோல் நோய் உள்ளவர்களின் தோலில் செராமைடு குறைவு என்று 1991-ல் ஜப்பானின் இமோகாவா குழு எழுதியது. களிம்புக் கம்பெனிகள் காதைத் தீட்டிக்கொண்டது அதன் பிறகுதான். வறண்ட, அரிக்கும் தோலுக்கு இந்தக் களிம்புகள் ஓரளவு உதவுகின்றன. ஆனால் குப்பியில் செராமைடு எத்தனை சதவீதம் என்று பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

இங்கே ஒரு திருப்பம். தோல் செல் இந்தச் செராமைடை நேரடியாக வெளியே கொட்டுவதில்லை. தலையில் ஒரு சர்க்கரையை மாட்டி அனுப்புகிறது, வெளியே போனதும் ஒரு நொதி அந்தச் சர்க்கரையைக் கத்தரிக்கிறது. அந்த நொதி எது? கோஷே நோயில் குறைந்துபோகும் அதே நொதி! 1992-ல் அந்த மரபணுவை நீக்கிப் பிறக்கவைத்த எலிக்குட்டிகள் ஒரு நாளைக்கூடத் தாண்டாமல் செத்தன. அவற்றின் தோலில் தண்ணீர் நிற்கவில்லை என்று 1994-ல் காட்டினார்கள். மண்ணீரல் வைத்தியரும் தோல் வைத்தியரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து ஒரே பொருளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இவ்வளவு காலமும் எல்லோரும் இந்தக் கொழுப்புகளைச் செங்கல், சாந்து, உறை என்றுதான் நினைத்தார்கள். 1986-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூசுஃப் ஹன்னூன், ராபர்ட் பெல் குழு ஸ்பிங்கோசின் செல்லுக்குள் ஒரு முக்கிய நொதியை நிறுத்துகிறது என்று கண்டது. அதாவது இது சுவர் மட்டும் அல்ல, செய்தியும் கொண்டுபோகிறது. 1993-ல் லீனா ஒபெய்த், செராமைடு கூடினால் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது என்று காட்டினார். ஹன்னூனும் ஒபெய்தும் தம்பதி. அதே செராமைடை உடைத்து வரும் ஸ்பிங்கோசினில் ஒரு பாஸ்பேட் ஏறிவிட்டால் செய்தி தலைகீழாகிவிடும். பிழைத்துக்கொள், வளர் என்று சொல்லும். சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே ஒன்றிரண்டு நொதிகள்!

இந்த வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது ஒரு பூஞ்சை. சோளத்திலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஃபியூசேரியம். அதைத் தின்ற குதிரைகளுக்கு மூளை உருகும் நோய் வருவது நெடுங்காலமாகத் தெரியும். 1988-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அதன் நஞ்சைப் பிரித்து ஃபியூமோனிசின் என்றார்கள். 1991-ல் அது செராமைடு செய்யும் நொதியைத்தான் அடைக்கிறது என்று தெரிந்தது. 1995-ல் தக்காணத்தில் அறுவடை நேரத்தில் காலம் தவறிப் பெய்த மழையில் சோளம் நனைந்து பூஞ்சை பிடித்தது. வேறு தானியம் வாங்க வழியில்லாத குடும்பங்கள் அதையே சமைத்துச் சாப்பிட்டன. 27 கிராமங்களில் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்து ஃபியூமோனிசின் என்று கண்டார்கள். நல்லவேளை, உணவை நிறுத்தியதும் குணமாகிவிட்டது.

இன்னொரு பூஞ்சை மருந்தாயிற்று. சிள்வண்டின் புழுப் பருவத்தில் தொற்றி வளரும் பூஞ்சை இது. இதன் உறவுக்காரப் பூஞ்சைகள் சீன வைத்தியத்தில் பழையவை. ஜப்பானின் கியோட்டோவில் டெட்சுரோ ஃபுஜிதா குழு அதிலிருந்து எடுத்த பொருளை மாற்றி மாற்றி, 1990-களின் தொடக்கத்தில் ஒரு புதிய மூலக்கூறு செய்தது. வடிவத்தில் அது அசல் ஸ்பிங்கோசின் மாதிரியே இருக்கும். உடம்பும் ஏமாந்து அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு வெள்ளணுக்கள் நிணநீர்க் கணுக்களை விட்டு வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே தங்கிவிடுகின்றன. உடம்பின் சொந்தப் படையே நரம்புறையைத் தின்னும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு, ஃபிங்கோலிமோட் என்ற பெயரில் 2010-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஊசி இல்லாமல் வாயால் விழுங்கி அந்த நோயின் போக்கைத் தடுக்கும் முதல் மருந்து. தின்னப்படும் அந்த உறைதான், தூடிக்கும் ஆல்கஹாலில் கரைத்து வடிகட்டி எடுத்த செரிப்ரோசைடுக்கும் ஸ்பிங்கோமயலினுக்கும் ஊற்று.

முதல் மாத்திரையை மட்டும் வீட்டில் தனியாகப் போட விடுவதில்லை. விழுங்கவைத்து, ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்து நாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதயச் செல்களிலும் அதே ஸ்பிங்கோசின் பூட்டு இருக்கிறது. இந்தச் சாவி அங்கேயும் பொருந்தி, துடிப்பைச் சற்று மெதுவாக்கிவிடும்.